தலையணையை எடுத்துவிடுங்கள்... தீக்காயம் ஆறிய பிறகும் தொடரும் இரண்டு வருடப் போராட்டம்!

கழுத்திலும் மார்பிலும் தீக்காயம்பட்டுப் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம். வலியில் முனகுகிறார். நமக்கு முதலில் என்ன தோன்றும்? 'பாவம், தலைக்கு ஒரு தலையணைகூட இல்லாமல் படுத்திருக்கிறாரே' என்றுதான். அடுத்தமுறை போகும்போது வீட்டிலிருந்து மெத்தென்று ஒன்றை எடுத்துப் போய் வைப்போம். அவருக்கும் இதமாக இருக்கும். நர்ஸ் வந்து எடுக்கச் சொன்னால், 'என்ன கல்மனசு!' என்று மனதுக்குள் திட்டுவோம்.

நர்ஸ் சொல்வதுதான் சரி. இன்று இதமாக இருக்கும் அந்தத் தலையணை, சில மாதங்களில் அவருடைய தாடையை மார்போடு இழுத்து வைத்துவிடக்கூடும். பிறகு அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாது. ரோட்டைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. வாயைக்கூட முழுதாக மூட முடியாமல் போகலாம்.

இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் உயிர் பிழைப்பவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 'பொழைச்சுக்கிட்டாங்க, புண்ணும் ஆறிடுச்சு' என்பதோடு நம் கவலை முடிந்துவிடுகிறது. கை தூக்க முடியுமா, விரல் மடங்குமா, வேலைக்குப் போக முடியுமா என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

புண் ஏன் சுருங்குகிறது?

ஆழமான புண் ஆறும்போது, அதை மூடுவதற்காக உடலே அதன் ஓரங்களை உள்நோக்கி இழுக்கிறது. 'மயோஃபைப்ரோபிளாஸ்ட்' என்ற செல்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. தசையைப் போலச் சுருங்கும் தன்மை கொண்ட இந்த செல்களை, காப்பியானி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1971-ல் விவரித்தார்கள். சின்னக் காயத்தில் இந்த இழுப்பு நல்லதே செய்யும். கழுத்து, அக்குள், முழங்கை, விரல் இடுக்கு போன்ற மடங்கும் இடங்களில், புண் மூடிய பிறகும் தழும்பு இழுத்துக்கொண்டே இருந்தால்தான் சிக்கல். மூட்டு அப்படியே மடங்கி இறுகிவிடுகிறது. டாக்டர்கள் இதை 'கான்ட்ராக்சர்' என்பார்கள்.

மடக்கி வைத்தால் வலி குறையும். மடங்கிய நிலையிலேயே தழும்பு இறுகும். நோயாளிக்கு எந்த நிலை சுகமோ, அதுவே பெரும்பாலும் பின்னால் ஊனமாகிறது. தீக்காய வார்டுகளில் பழகியவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை இது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கோ கணவருக்கோ இதை யாராவது பொறுமையாகச் சொன்னார்களா என்பதுதான் என் சந்தேகம்.

அதனால்தான் சிகிச்சையில் எல்லாம் தலைகீழாக இருக்கும். கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலையணை கிடையாது. தோள்களுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, கழுத்தைச் சற்றுப் பின்னால் சாய்ப்பார்கள். அக்குள் என்றால், கை உடம்போடு ஒட்டாமல் சிலுவைபோலப் பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும். முழங்காலின் பின்பக்கம் என்றால் கால் நேராக. முட்டிக்கு அடியில் தலையணை கூடாது. பாதம், சுவரில் மிதித்து நிற்பதுபோல நேர்கோணத்தில். புறங்கை வெந்திருந்தால் கணக்கு கொஞ்சம் வேறு. விரல்கள் கையோடு சேரும் கணுக்களை மடக்கி, விரல்களை மட்டும் நீட்டிவைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எந்த நிலை என்பதை அவருடைய டாக்டரும் பிசியோதெரபிஸ்டும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நிலை மாறாமல் இருக்க 'ஸ்பிளின்ட்' கட்டுவார்கள். மாவுக்கட்டிலோ, சூடு காட்டினால் வளையும் பிளாஸ்டிக்கிலோ செய்வது. 'கட்டிப் போட்டிருக்காங்களே' என்று மனமிளகி, இரவில் அவிழ்த்துவிடுகிற சொந்தங்கள் உண்டு. தூக்கத்தில்தான் கைகால் தானாக மடங்கும் என்பதால், இரவில்தான் அது அதிகம் தேவை.

தோல் ஒட்டிய பிறகு, அது பிடித்துக்கொள்ளச் சில நாள்கள் அந்த இடத்தை அசைக்க விட மாட்டார்கள். டாக்டர் சரி என்றதும் பயிற்சி மறுபடி தொடங்கும். வலிக்கும். நோயாளி அழுவார். 'இன்னைக்கு விட்டுடுங்களேன்' என்று கூட இருப்பவர் கெஞ்சுவார். வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்துப் பயிற்சி செய்யலாம். அதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்வது சிகிச்சை அல்ல.

கோலமும் ஒரு பயிற்சி

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி நின்றுபோவதுதான் வழக்கம். குடும்பமே சேர்ந்து அவரை எந்த வேலையும் செய்யவிடாமல் தாங்கும். சாதம் ஊட்டிவிடும், தலை சீவிவிடும். அன்பு புரிகிறது. ஆனால் தலை சீவ, கை தோளுக்கு மேலே போக வேண்டும். கொடியில் துணி உலர்த்துவதும் அதற்கான பயிற்சிதான். சாதம் பிசைந்து உருட்டும்போது அத்தனை விரல்களும் மடங்கி நிமிர்கின்றன. கோலப்பொடியை இரு விரலால் கிள்ளி இழுப்பது, சட்டைப் பட்டன் போடுவது, பாட்டில் மூடி திறப்பது எல்லாமே கைக்கான மருந்து. அடுப்புப் பக்கம் போக பயமாக இருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். காய் நறுக்குவதில் தொடங்கலாம்.

புண் ஆற மூன்று வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட இடங்களில், தழும்பு சிவந்து தடித்துப் புடைக்க வாய்ப்பு அதிகம். அது அடங்கி மென்மையாக ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆகும். அதுவரை 'பிரஷர் கார்மென்ட்' என்கிற இறுக்கமான உடையை, குளிக்கும் நேரம் போக நாள் முழுக்க, சுமார் 23 மணி நேரம் போடச் சொல்வார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் இது எவ்வளவு கொடுமை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆழமான தழும்பில் வியர்வைச் சுரப்பிகளும் இருக்காது, உடல் சூட்டைத் தணிக்க வழியில்லை. நிழல், மின்விசிறி, தாராளமாகத் தண்ணீர் வேண்டும். எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லாததால் தோல் வறண்டு அரிக்கும். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு அது. மாய்ஸ்சரைசர் தடவி மெதுவாக மசாஜ் செய்தால் குறையும், அதற்கு மாத்திரைகளும் உண்டு. சில மாதங்களில் உடையின் இறுக்கம் தளரும். அப்போது புதிதாக அளவெடுக்க வேண்டும்.

இன்னொன்று, பத்தியம். 'முட்டை, மீன் கொடுத்தால் சீழ் வைக்கும்' என்று ரசஞ்சாதத்தில் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் சகஜம். பெரிய தீக்காயத்தில் உடல் தன் தசையையே கரைத்துப் புண்ணை ஆற்றப் பார்க்கிறது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால் என புரதம் வழக்கத்தைவிட அதிகமாகப் போக வேண்டிய நேரம் அது. சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஏற்கெனவே இறுகிவிட்டால்? அறுவை சிகிச்சையில் இறுக்கத்தை விடுவித்து, வேறு இடத்துத் தோலை ஒட்டலாம். வருடங்கள் கழித்தும் செய்யலாம். ஆனால் ஸ்பிளின்ட்டும் பயிற்சியும் அதற்குப் பிறகும் உண்டு. விட்டால் மறுபடி இழுக்கும். செலவுக்குப் பயப்படுபவர்கள் கவனியுங்கள்: ஆயுஷ்மான் பாரத் சிகிச்சைப் பட்டியலில் தீக்காய இறுக்கத்துக்கான அறுவை சிகிச்சை இருக்கிறது. அந்தத் தொகையில் ஸ்பிளின்ட், பிரஷர் கார்மென்ட், சிலிக்கான் ஷீட், பிசியோதெரபி எல்லாம் சேர்த்தி. தமிழ்நாட்டில் இது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எலும்பு வளரும், தழும்பு அந்த அளவுக்கு வளராது. ஐந்து வயதில் சரியாக இருந்த கை, பத்து வயதில் இழுக்கலாம். வளர்ந்து முடியும்வரை செக்கப் நிற்கக் கூடாது.

முறைத்துப் பார்க்காத ஊர்

இரண்டாம் உலகப் போரில் விமானத் தீயில் வெந்த வீரர்களுக்கு, இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ என்ற சர்ஜன் சிகிச்சை அளித்தார். அப்போது வழக்கத்தில் இருந்த டானிக் அமிலப் பூச்சு, கை விரல்களை விறைக்க வைப்பதைப் பார்த்து அதை எதிர்த்தார். அவர் செய்த இன்னொரு வேலை ஊர்க்காரர்களிடம் பேசியது. வெந்த முகத்தோடு வருபவர்களை வீட்டுக்கு அழையுங்கள், சாதாரணமாகப் பேசுங்கள் என்றார். 'முறைத்துப் பார்க்காத ஊர்' என்றே அதற்குப் பெயர் வந்தது. நோயாளிகள் 1941-ல் 'கினி பிக் கிளப்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பொருளாளராக, கால் வெந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தோடு ஓட முடியாதாம்!

அந்தச் சிரிப்பு நம் ஊரில் சுலபமில்லை. இங்கே சமையலறையில் வெந்த பெண்ணிடம், பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது 'எப்படி ஆச்சு?' என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல முடியாத நிலையில் பல பெண்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்காமல், 'பயிற்சி செஞ்சியாம்மா, கையைத் தூக்கிக் காட்டு' என்று கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மூட்டுக்கு என்ன பயிற்சி, ஸ்பிளின்ட் எத்தனை மணி நேரம், அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும். பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். வீட்டில் யார் கூட இருந்தாலும் அதைப் பார்த்துச் செய்ய வைக்கலாம்.