கேட்போரே தாங்கிய வானொலி

ஒரு வானொலி நிலையத்திற்குப் பொருள் கொடுப்பவர் யாரோ, அவரே பெரும்பாலும் அதன் குரலையும் நிர்ணயிக்கிறார். இதனை நன்குணர்ந்தவர் லூயிஸ் ஹில் என்னும் அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்தவர் அவர். போருக்குப்பின், தம்மைப் போன்ற அமைதிவாதிகளுடன் சேர்ந்து 1946-ஆம் ஆண்டில் பசிபிகா அறக்கட்டளையை நிறுவினார். மனிதரிடையே பகைமை தோன்றும் காரணங்களை ஆராய்வதும், மாறுபட்ட கருத்துடையோர் உரையாட வழிசெய்வதும் அதன் நோக்கங்களாயின.

1. தொடக்கம்

1949 ஏப்ரல் 15 அன்று, கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது விளம்பரங்களை ஏற்கவில்லை. கேட்கக்கூடியவர்களுள் நூற்றுக்கு இருவர் ஆண்டுக்கு 10 டாலர் சந்தா செலுத்தினால் நிலையம் பிழைக்கும் என்பது ஹில்லின் கணக்கு. ஆனால் பண்பலை வானொலிப் பெட்டி அந்நாளில் சில இல்லங்களிலேயே இருந்தது. 1950 ஆகஸ்டில் பணமின்றி ஒலிபரப்பு நின்றது. கேட்போரே முன்வந்து நிதி திரட்டியதால், 1951 மே மாதத்தில் அது மீண்டும் ஒலித்தது. ஹில் 1957-இல் மறைந்தார். அவரது திட்டமோ லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் முதலிய நகரங்களுக்கும் பரவிற்று.

2. எதிர்ப்பு

சுதந்திரக் குரலுக்கு விலையும் இருந்தது. 1963-இல் அமெரிக்க மேலவையின் உட்குழு ஒன்று பசிபிகாவினரை விசாரித்தது. உரிமங்களைப் புதுப்பிப்பதும் தாமதமாயிற்று. 1970-இல் ஹூஸ்டன் நகர நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி இருமுறை குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. இருமுறையும் நிலையம் மீண்டெழுந்தது.

3. உள்ளிருந்து எழுந்த கேள்வி

ஆனால் மிகக் கடுமையான சோதனை வெளியிலிருந்து வரவில்லை. ஊதியமின்றி நிகழ்ச்சிகளைத் தயாரித்த தொண்டர்களும் சந்தா செலுத்தியவர்களும் நிலையத்தைத் தமதென்றே கருதினர். சட்டப்படியான அதிகாரமோ தேசிய நிர்வாகக் குழுவின் கையில் இருந்தது. 1999 ஜூலையில் நிர்வாகம் கே.பி.எஃப்.ஏ. ஊழியரையும் தொண்டரையும் வெளியேற்றிக் கதவை அடைத்தது. ஏறத்தாழ 10,000 பேர் பெர்க்லி வீதிகளில் ஊர்வலமாய்ச் சென்றனர். நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் வகுக்கப்பட்ட விதிகளின்படி, நிதி கொடுத்தவர்களோடு, மூன்று மணி நேரம் தொண்டு செய்தவர்களும் உறுப்பினராகி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர்.

இவ்வேற்பாடு சமாதானத்தை உடனே கொணர்ந்துவிடவில்லை. தேர்தல்கள் கட்சிப் பிளவுகளுக்கு இடமளித்தன; கடன்களும் பெருகின. 2019-இல் நியூயார்க் நிலையத்தின் உள்ளூர் நிகழ்ச்சிகளைத் தேசிய நிர்வாகம் நிறுத்தியது. வழக்குக்குப் பின் ஒரு மாதத்தில் அவை திரும்பின.

4. சிந்தனைக்கு

பகைமையின் காரணங்களை ஆராய எழுந்த இயக்கம், தன்னுள்ளேயே பகைமையைச் சந்திக்க நேர்ந்தது. இதனால் ஹில்லின் நோக்கம் பொய்த்துவிட்டதென்று கூறலாகாது. தொண்டரின் உழைப்பை ஏற்றுக்கொண்டு, அவர்தம் தீர்ப்பை மட்டும் ஏற்க மறுக்கும் எந்த அமைப்பும் இக்கேள்வியை ஒருநாள் எதிர்கொண்டே ஆகவேண்டும். உழைப்பவருக்கு உரிமையளித்தால் பூசல் எழக்கூடும். அளிக்க மறுத்தாலோ, கதவடைப்பு நாளில் கண்டதுபோல, தாங்கி நின்றவர்களே வெளியே நிற்பர்.