மலைச் சைக்கிளுக்கு பிரேக்தான் முதல்

சைக்கிளை நன்றாக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் காற்றைத்தான் சொல்வார்கள். போளூரிலோ திருப்பத்தூரிலோ ஓட்டுகிறவருக்கு அது சரி. ஜவ்வாது மலையில் ஓட்டுகிறவர் பிரேக்கில் தொடங்க வேண்டும். ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும்போது வண்டி மக்கர் செய்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், வியர்வையோடு போயிற்று. திரும்பி வரும்போது அந்தச் சலுகை கிடையாது.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். இந்த மலைப்பாதைகளில் ஆளும் வண்டியுமாக 85 கிலோ 300 மீட்டர் கீழே இறங்குவதாக வையுங்கள். அப்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் இரண்டரை லட்சம் ஜூல். முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எதிர்க்காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் சுண்டுவிரல் நீள ரப்பர் கட்டைகள் தலையில்தான். பிடித்த பிடியை விடாமல் இறங்கினால் கட்டையும் ரிம்மும் சூடேறிக்கொண்டே போகும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு, மறுபடி பிடித்து இறங்குவதே முறை. முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

கட்டையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ரிம்மில் உரசும் முகத்தில் பொடிக்கல் பதிந்திருந்தால் ஊக்கால் நெம்பி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது ரிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். முகம் கண்ணாடிபோல வழுவழுப்பாகியிருந்தால் உப்புத்தாளில் இரண்டு தேய். கேபிள் பிரேக் வண்டிகளில் பலவற்றில் ரப்பர் ஒரு தகரக் கூட்டுக்குள் செருகியிருக்கும். கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருந்தால், மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், பிடிக்கும்போது சுழலும் ரிம்மே ரப்பரை இழுத்து வெளியே தள்ளிவிடும். அவசரத்தில் கட்டை மாற்றும்போது நடக்கிற தவறு இது. 2001-02இல் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வண்டி கிடைக்கிறது. அதோடு இந்தக் கட்டை மாட்டும் பாடத்தையும் ஒரு மணி நேரம் சேர்த்துவிட்டால் நல்லது என்பது என் கட்சி.

கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். அறுந்து தொங்கும்வரை காத்திருக்கிற இடம் இதுவல்ல. மழை பெய்தால், குறிப்பாக இரும்பு ரிம் வண்டியில், பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இறக்கம் தொடங்குமுன் லேசாகப் பிடித்தபடியே சற்றுத் தூரம் ஓட்டினால் கட்டையே ஈரத்தைத் துடைத்துவிடும், பிறகு ஓரளவு பிடிக்கும்.

காற்றைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் டயர் அமுங்கக் கூடாது. பஞ்சர் இல்லாமலேயே இரண்டு நாளுக்கொரு முறை காற்று இறங்கினால் வால்டியூபைச் சந்தேகியுங்கள். வால்வுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் குழாய் நாள்பட்டால் இற்றுப்போகும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழ் வருவதில் குட்டு வெளிப்பட்டுவிடும். பஞ்சர் ஒட்டுகிறவர் டயரின் உட்புறம் விரலை ஓட்டித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டியூபைப் போட வேண்டும். முள் அங்கேயே இருந்தால் ஒட்டியது வீண்.

அடுத்தது செயின். எண்ணெய் விட்டால் போதும் என்று மேலெல்லாம் சொதசொதவென்று ஊற்றுகிறார்கள். அதில் செம்மண் ஒட்டி அரைக்கும் விழுதாகிவிடும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, உள்ளே இறங்கியதும் வெளியே இருப்பதைப் பழந்துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளே இருக்கும் பின்களுக்குத்தான். சமையல் எண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசினாகிவிடும்.

செயின் தேய்ந்ததா என்று தெரிந்துகொள்ளக் கடைக்குப் போக வேண்டாம், பிள்ளைகளின் 12 அங்குல ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 24ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் உட்காராமல் வழுக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

வீல் பெண்டு எடுப்பதையும் கோன் இறுக்குவதையும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். ஓவராயிலுக்கு வண்டியை விடுவதானால் மழைக்காலம் முடிந்த கையோடு விடுவது நல்லது. பேரிங் குண்டுகளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கிரீஸ் வெளுத்துக் குழகுழவென்று இருக்கும். அதை வழித்துவிட்டுப் புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.