வேளாண் காடுகளுக்கான சூழல் வரவு

வேளாண் காடுகளுக்கான சூழல் வரவு என்பது, பயிர் நிலத்திலோ மேய்ச்சல் நிலத்திலோ மரங்களையும் சேர்த்து வளர்க்கும் உழவருக்கு, அதனால் சூழலுக்குக் கிடைக்கும் நன்மையைக் கணக்கிட்டுப் பணம் வழங்கும் முறையாகும். மரம் கார்பனைத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் வாழிடமாகிறது. இந்நன்மைகள் ஊருக்கும் உலகுக்கும் உரியவை. கன்று நட்டுக் காக்கும் செலவோ உழவருடையது. மரம் பயன் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் சிறு உழவர் தயங்குவது இயல்பே.

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கொலம்பியா, கோஸ்ட்டா ரிக்கா, நிக்கராகுவா ஆகிய நாடுகளின் கால்நடைப் பண்ணைகளில் உலக வங்கியின் துணையுடன் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திட்டமாகும்.

புள்ளிக் கணக்கு

இத்திட்டத்தில் ஒவ்வொரு நிலப் பயன்பாட்டுக்கும் ஹெக்டேருக்கு இத்தனை புள்ளி என வரையறுக்கப்பட்டது. உயிரினப் பன்மைக்கு அதிக அளவாக 1, கார்பன் சேமிப்புக்கு 1 என இரண்டும் கூட்டப்பட்டன. சீரழிந்த மேய்ச்சல் நிலத்துக்கும் ஓராண்டுப் பயிருக்கும் 0. மரமற்ற இயற்கைப் புல்வெளிக்கு 0.2, மரங்கள் அடர்ந்த, மேம்படுத்தப்பட்ட புல்வெளிக்கு 1.3; இயற்கைக் காட்டுக்கு 2. உயிர்வேலிக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கில் புள்ளி தரப்பட்டது.

தொடக்க நிலையைவிடக் கூடுதலாக ஈட்டிய ஒவ்வொரு புள்ளிக்கும், நான்காண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 75 டாலர் வழங்கப்பட்டது. ஒரு ஹெக்டேர் மரமற்ற இயற்கைப் புல்வெளியை மரங்கள் அடர்ந்த, மேம்படுத்தப்பட்ட புல்வெளியாக மாற்றியவருக்கு 1.1 புள்ளி கூடும். அதாவது ஆண்டுக்கு 82.50 டாலர். இரண்டாண்டு ஒப்பந்தமும் இருந்தது. அதில் புள்ளிக்கு 110 டாலர்.

பழைய மரங்கள்

மாற்றத்துக்கு மட்டும் பணம் என்றால், முன்பிருந்தே மரங்களைக் காத்தவருக்கு எதுவும் கிடைக்காது. அதைவிட மோசமாக, இருக்கும் மரங்களை வெட்டிவிட்டுப் புதிதாக நடுவதே இலாபம் என்றாகிவிடும். இதைத் தடுக்கவே தொடக்கப் புள்ளிகளுக்கும் ஒரேயொரு முறை, புள்ளிக்கு 10 டாலர் வீதம் கொடுக்கப்பட்டது. எனினும் ஒரு ஹெக்டேர் இயற்கைக் காட்டைக் காத்து வந்தவர் இவ்வகையில் பெற்றது மொத்தமாக 20 டாலர்தான். வெட்டாமல் தடுக்க இது உதவலாம். நெடுங்காலம் காத்ததற்கான ஊதியம் என இதைச் சொல்ல இயலாது.

விளைவு

நிக்கராகுவாவின் மாத்திகுவாஸ், ரியோ பிளாங்கோ பகுதியில் முதல் இரண்டு ஆண்டுகளில் சீரழிந்த மேய்ச்சல் நிலத்தின் பரப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. உயிர்வேலிகளும் தீவனப் பயிர் நிலங்களும் பெருகின. ஏழைக் குடும்பங்களும் இதில் பரவலாகப் பங்கேற்றன. பணம் குறுகிய காலத்துக்கு மட்டும் தரப்பட்டதற்குக் காரணம், மரங்கள் வளர்ந்தபின் நிழல், தீவனம், பால் வருவாய் ஆகியவையே உழவரை அம்முறையில் நிலைக்கச் செய்யும் என்ற எதிர்பார்ப்பாகும்.