ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

மழைக்காலத்தில் நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு வரும் மாணவனின் அம்மாவிடம் காரணம் கேட்டால், "வயித்தால போச்சு டீச்சர்" என்பார். "குடிக்க என்ன கொடுத்தீங்க?" என்றால், "ஒண்ணும் குடுக்கல, குடுத்தா இன்னும் போவும்லா" என்று பதில் வரும். அஞ்சுகிராமம் சுற்றுவட்டாரத்தில் நான் பலமுறை கேட்டிருக்கும் பதில் இது. வயிற்றுப்போக்கைவிட ஆபத்தானது இந்த நம்பிக்கைதான்.

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் கிருமி சில நாட்களில் தானாகவே வெளியேறிவிடும். அதற்குள் உடலிலிருந்து போகும் நீரும் உப்பும்தான் குழந்தையைச் சாய்க்கின்றன. வெறும் தண்ணீர் கொடுத்தால் உப்பு திரும்பாது. உப்புநீரை மட்டும் கொடுத்தாலும் நோயுற்ற குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இதை விளக்கினார். காலரா வந்த குடலிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. ஆகவே உப்புடன் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக அல்ல.

இதை உலகம் நம்பியது 1971-இல். வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலம் கட்டவைத்து, தண்ணீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. நம் அறிவியல் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 20.5 கிராம் பொடி உண்டு. அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஆனால் பிள்ளைகள் கொண்டுவரும் பாட்டில் பெரும்பாலும் அரை லிட்டர்தான். முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டினால் உப்பு கூடி, குடலே உடலின் நீரை இழுத்துவிடும். கண்ணளவில் பாதி போடுவதும் சரியல்ல. 200 மி.லி.க்கான சிறிய பொட்டலங்களும் கடைகளில் உண்டு என்பதால் உறையைப் படித்த பிறகே பிரிக்க வேண்டும். கொள்ளளவு பாடம் நடத்தும் நாளில், வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி, எந்தச் செம்பு எத்தனை முறை நிறைந்தால் ஒரு லிட்டர் என்று அளக்க வைக்கிறேன். அந்த அளவு வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும். 24 மணி நேரம் கழிந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டருக்குத் தலைதட்டி அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

அட்டைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயருடன் விற்ற இனிப்புப் பானங்கள் பலரை ஏமாற்றின. சர்க்கரை மிகுந்தால் போக்கு கூடும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை உணவுப் பானங்களில் பயன்படுத்தக் கூடாது என உத்தரவிட்டது. நம் ஊர் வைத்தியமான எலுமிச்சை பிழிந்த கட்டன்சாயாவில் உப்பே இல்லை. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. கொடுக்கலாம், ஆனால் ஓ.ஆர்.எஸ்.க்கு ஈடாகாது. உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் இவற்றைவிட நல்லது.

பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் போக்கு தொடங்கினால் வீட்டுக்கு ஆள் அனுப்பும்போதே குடிக்கக் கொடுக்கத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு முறை போன பிறகும் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை முதல் ஒரு டம்ளர், மிடறு மிடறாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, குழிவிழுந்த கண், சிறுநீர் வராமை, குடிக்கக்கூட முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டியதுதான். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி, தங்கைக்கு வந்தால் துத்தநாக மாத்திரையும் தருவார்கள்; போக்கு நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பட்டினி போடுவது இன்னொரு பழக்கம். குழைந்த சோறு, பயறுக் கஞ்சி, தயிர், வாழைப்பழம் எல்லாம் முதல் நாளிலிருந்தே தரலாம். தேறிய பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வைத்தால் இழந்த எடை திரும்பும். கடைசியாகப் போனதிலிருந்து இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறேன். வந்ததும் சில நாள் கதவோரம் உட்கார வைத்து, கேட்காமலே கழிப்பறைக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவேன். சத்துணவில் முட்டை தரலாமா என்று கேட்பார்கள். தாராளமாகத் தரலாம்.