முகாம் நினைவுக் குறிப்புகள்: ஒரு வரலாற்று மூலாதாரம்

மாணவர்களே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939 – 1945) நாசி ஜேர்மனி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது. உயிர் தப்பிய சிலர் தாம் கண்டதை எழுதினர். இத்தாலிய இரசாயனவியலாளர் பிரிமோ லெவி 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவரது நூல் 1947இல் வெளிவந்தது.

இதன் பயன் யாது?
அரச ஆவணம் எண்ணிக்கையைத் தரும். நினைவுக் குறிப்போ பசியையும் குளிரையும், பெயருக்குப் பதிலாகக் கையில் பச்சை குத்தப்பட்ட இலக்கத்தையும் காட்டும். எனினும் ஒருவர் கண்டது ஒரு பகுதியே. ஆகவே பிற மூலாதாரங்களுடன் ஒப்பிட்டு நோக்குக.

எமது மாவட்டத்தில்
பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையிலும் ஒரு முகாம் இருந்தது. ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஞானபொனிக்க தேரர் 1936இல் இலங்கைக்கு வந்தவர். ஹிட்லரால் துன்புறுத்தப்பட்ட இனத்தவராயினும், ஜேர்மனியர் என்பதால் போர்க் காலத்தில் பிரித்தானியர் அவரை அங்கு தடுத்து வைத்தனர். பின்னர் இந்தியாவின் டேராடூனுக்கு அனுப்பப்பட்டு, 1946இல் விடுதலையானார்.

கவனிக்க: தியத்தலாவை தடுப்பு முகாம், அவுஷ்விட்ஸ் கொலை முகாம். விடையில் இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுத வேண்டாம்.

பயிற்சி: 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் குடும்பத்துக்கு நேர்ந்ததைத் தோட்டத்து மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதுக. அதுவும் மூலாதாரமே. அவர் இருக்கும்போதே கேளுங்கள்.