ஓய்வுப் பொழுதில் செவியும் கையும்

எமது பள்ளியின் மேற்பிரிவு வகுப்புகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரைகளுள் ‘எனது பொழுதுபோக்கு’ என்பதும் ஒன்றாகும். முத்திரை சேர்த்தலையும் வீட்டுத் தோட்டத்தையும் பற்றி மாணவர்கள் அழகாக எழுதுவர். நாமும் பிழை திருத்திப் புள்ளி வழங்குவோம். வகுப்பில் ஒருவரிடமேனும் முத்திரைத் தொகுப்பு இருந்ததில்லை என்பதும், ரொறன்ரோவின் மாடிக் குடியிருப்புகளில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்ட இடமில்லை என்பதும் இரு தரப்பினரும் அறிந்த உண்மைகளே. இவ்வாண்டு, மெய்யாகவே செய்வதை மட்டும் எழுதுக என்று பணித்தோம். கிடைத்த கட்டுரைகள் பிழைகள் மலிந்தவை. ஆயினும் அவற்றைப் படிப்பது எமக்கு மிக்க மகிழ்ச்சி அளித்தது. அவற்றில் கண்ட சிலவற்றைப் பெற்றோருக்கு விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

பலரும் எழுதியிருந்தது வலையொலி பற்றியாகும். ‘பொட்காஸ்ட்’ என வழங்கும் இது வானொலியின் பேரப்பிள்ளை எனலாம். வானொலி நிகழ்ச்சி காற்றில் வந்து காற்றிலே கரைவது. குறித்த நேரத்தில் பெட்டியருகே இராதவருக்கு அது இல்லை. வலையொலியிலோ பதிவு செய்த ஒலிக்கோப்பு இணையத்தில் ஓரிடத்தில் வைக்கப்படுகிறது. அதனுடன் நிகழ்ச்சியின் பெயர், நாள், கோப்பு இருக்கும் முகவரி ஆகியன அடங்கிய ஒரு பட்டியலும் வைக்கப்படும். எமது கைத்தொலைபேசியிலுள்ள செயலி அப்பட்டியலை அவ்வப்போது பார்த்து, புதியது வந்திருப்பின் தானாகவே கொண்டுவந்து சேர்க்கும். 2004 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகையாளரான பென் ஹமர்ஸ்லி, ‘ஐபொட்’ என்னும் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி ஆக்கிய பெயரே இன்றும் வழங்குகின்றது. அக்கருவியின் உற்பத்தி 2022 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

கேட்டுப் பொழுது போக்குதல் எமக்குப் புதிதன்று. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியில் தொடராக ஒலிபரப்பாகிய காலத்தை மூத்தோர் இன்னும் நினைவுகூர்வர். 1941 இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இல் முடிவுற்றது. 1990 இன் பின் மின்சாரமும் மின்கலங்களும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் தைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் எமது பெற்றோர் சங்கத்திலேயே உளர். அது பொழுதுபோக்கு அன்று என அவர்கள் திருத்துவர், திருத்தம் சரியே.

இங்கு பிறந்த பிள்ளைக்குக் கேட்டலால் வரும் பயன் வேறொன்று. வீட்டில் ‘போட்டு வாறன்’ என்று கேட்டு வளரும் பிள்ளை, சனிக்கிழமை காலையில் எமது வகுப்பில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று வாசிக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றே என்பது ஊரில் வளர்ந்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். இங்குள்ள பிள்ளைக்கு விளங்குவதில்லை. அதற்கு எழுத்துத் தமிழ் ஏறத்தாழ மூன்றாவது மொழியாகவே இருக்கின்றது. வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்பால் இவ்விடைவெளியை நிரப்ப எம்மால் இயலவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. பேசும்போது ஒரு தமிழும் வாசிக்கும்போது ஒரு தமிழுமாக மாறி மாறி வரும் நல்ல வலையொலிகளும், முழு நூலையும் வாசித்து அளிக்கும் ஒலிநூல்களும் இவ்விடத்தில் கைகொடுக்கின்றன. எழுதப்பட்ட வாக்கியத்தை ஒரு மனிதக் குரல் உணர்ச்சியுடன் சொல்லக் கேட்கும்போதுதான் அதன் இசையும் நிறுத்தமும் பிடிபடுகின்றன.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் கொண்டது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் எவரும் தடையின்றி வாசித்து வெளியிடலாயிற்று. எமது மாணவி ஒருத்தி, பாடசாலைப் பேருந்தில் போய்வரும் நேரத்திலேயே இரண்டு பாகங்களைக் கேட்டு முடித்துவிட்டாள். அவளால் அந்நூலின் ஒரு பக்கத்தையேனும் தடையின்றி வாசிக்க இயலாது. முதலில் நாமும் இதனைக் குறையாகவே கருதினோம். ஆனால் தை மாதத்தில் அவளே நூலைக் கேட்டு வந்தாள். கதை தெரிந்திருந்தமையால் எழுத்துக் கூட்டி வாசிப்பதில் அவளுக்குச் சலிப்புத் தோன்றவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு நிகழும் என நாம் உறுதி கூறமாட்டோம். கேட்பதோடு நின்றுவிட்டவர்களும் உளர்.

நூல்களுக்கு இங்கு பஞ்சமில்லை. ஸ்காபரோவின் பொதுநூலகக் கிளைகள் சிலவற்றில் தமிழ் நூல்களுக்குத் தனி அடுக்குகள் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பண்டை இலக்கியங்களையும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் கட்டணமின்றி வைத்துள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த எமக்கு, ஒரு பழைய நூலின் பக்கங்கள் திரையில் விரிவதைக் காணும்போதெல்லாம் சிறிது நேரம் பேச்சு எழுவதில்லை.

இனிக் கைவேலை. 2020 ஆம் ஆண்டின் அடைப்புக் காலத்தில் கம்பளி நூலும் ஊசியும் எடுத்த பிள்ளைகள் பலர் இன்னும் அவற்றைக் கீழே வைக்கவில்லை. இரண்டு ஊசிகளால் பின்னும்போது ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்நோக்கி ஏணிபோல் அவிழ்ந்துகொண்டே போகும். வளைமுனையுள்ள ஒற்றை ஊசியால் செய்யும் குரோஷே பின்னலிலோ பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். தவறினாலும் இழப்புச் சிறிது. தொடங்குபவருக்குப் பின்னதே ஏற்றது என்பது எமது எண்ணம். இரு வேலைகளும் கையைக் கட்டிப்போட்டுச் செவியை விடுதலை செய்வன. ஆகவேதான் பின்னுகிற பிள்ளைகளே மிகுதியாகக் கேட்கிற பிள்ளைகளாகவும் இருக்கின்றனர்.

ஒரு மாணவன் எழுதியிருந்த செய்தி எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அவனுடைய அம்மம்மா, பொதி கட்டும் பிளாஸ்ரிக் பட்டிகளை வீணாக்காது சேர்த்துவைத்து, குளிர்காலம் முழுவதும் பெட்டி பின்னுகின்றாராம். ஊரில் அவர் பனையோலையில் பின்னியவர். குருத்தோலையை வெட்டி வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, வேண்டுமாயின் சாயத்தில் அவித்தெடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழுமாகக் கோத்துச் செல்வதே அவ்வேலையின் அடிப்படை. கடகம், சுளகு, தடுக்கு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி யாவும் இவ்வாறே பிறந்தன. ஓலையில் சிறிது ஈரப்பதம் இருந்தாலன்றி மடிக்கும்போது வெடிக்கும். பிளாஸ்ரிக் வெடிக்காது, ஆனால் மடித்த இடத்தில் நில்லாது நிமிரும் என்று அம்மம்மா குறைப்படுவதாக அவன் எழுதியுள்ளான்.

அவன் அவ்வளவும் அறிந்தது எவ்வாறெனின், தொலைபேசியை அருகில் வைத்து அவர் பேச்சைப் பதிவு செய்தமையால்தான். முதல்நாள் “கதை சொல்லுங்கோ அம்மம்மா” என்று கேட்டானாம்; “எனக்கென்ன கதை தெரியும்” என்று அவர் ஒதுக்கிவிட்டார். மறுநாள், “இந்த மூலையை எப்படி மடிச்சனீங்கள்?” என்று கேட்க, நாற்பது நிமிடம் பேச்சு நிற்கவில்லை. ஓலை வார்தலில் தொடங்கியவர், இடம்பெயர்ந்த இரவில் கடகமொன்றில் என்னென்ன எடுத்துச் சென்றார் என்பதில் முடித்திருக்கின்றார். அவ்விவரத்தை அவருடைய மகளும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம்.

இதனைச் செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு எமது அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் பதிவைக் கெடுக்கும். ஆதலால் சமையலறை வேண்டாம். தொலைபேசியை மேசைமேல் துணி விரித்து வைத்தால் தட்டுச் சத்தம் குறையும். பேசுபவர் நிறுத்தும்போது உடனே அடுத்த வினாவைத் தொடுக்காது சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். பதிவு செய்வதைப் பெரியவருக்கு முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுதல் கட்டாயம். பிறருக்கு அனுப்புவதாயின் மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும்.

அடுத்த தவணையில் மேற்பிரிவு மாணவர்களுக்கு அவ்வம்மம்மாவே பின்னல் கற்றுத்தர இசைந்துள்ளார். ஓலைக்கு ஈடாக, அரை அங்குல அகலமும் ஓரடி நீளமும் கொண்ட தடித்த வண்ணத்தாள் பட்டிகள் இருபதினைப் பெற்றோர் ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம். கத்தரிக்கோல் பள்ளியில் உண்டு.