நர்ஸ் கையில் ஊசி மட்டும்தானா? தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் கார், செல்போன், கன்டெய்னர் லாரிதானே ஞாபகம் வருகிறது? அந்த ஆலைகளுக்குள் நர்ஸும் உண்டு. மருந்தோடு காற்று, இசை, தொடுதல் என்று அவர் தொழிலுக்குள் எத்தனை ஆச்சரியம் பாருங்கள்!

✦ 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குள் ஆம்புலன்ஸ் ரூமும் நர்ஸும் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது, தெரியுமா? இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்ததோ 1998-ல்!

✦ ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் போனால் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம்; திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை! 1917-ல் இங்கிலாந்தின் மென்டிப் மலையில் கணிதமேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவரும் இதே டாக்டர்தான், தெரியுமா?

✦ அதே சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்டது தேசிய சித்த மருத்துவ நிறுவனம். சித்தத்தில் புறமருத்துவம் 32 வகை. அதில் ஒன்றுதான் தொக்கணம், அதாவது மசாஜ். அந்த ஒன்றுக்குள்ளேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று 9 விதம்!

✦ நோயாளிக்கு எந்த வாத்தியம் இதம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதியிருக்கிறார், தெரியுமா? குரலும் குழலும் நல்லது. விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ ஆகாது!

✦ ஆபரேஷனுக்குப் பிறகு குமட்டலா? உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. அங்கே தூண்டினால் குமட்டல் குறைகிறது என்கிறது 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ம் ஆண்டு அறிக்கை!

✦ உடலைத் தொடாமலே பிராணசக்தியைச் சீராக்குவதாகச் சொல்லப்படும் ‘தெரப்யூடிக் டச்’ முறையை 1970-களில் பரப்பியவர் நியூயார்க் நர்சிங் பேராசிரியை டோலரஸ் கிரீகர். கூட்டாளி டோரா குன்ஸ், நம் அடையாறைத் தலைமையகமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அமெரிக்கத் தலைவியாக இருந்தவர்! இந்த முறையைச் சோதித்தது யார் தெரியுமா? 9 வயதுச் சிறுமி எமிலி ரோசா! மறைப்புக்கு அப்பால் தன் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இந்த முறையைச் செய்யும் 21 பேரைச் சொல்லச் சொன்னாள். சரியான பதில் 44 சதவீதம்தான். குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும்! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழே அதை வெளியிட்டது.

ஆக, இதமாக இருப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. இவையெல்லாம் மருந்தோடு சேர்ந்து வரலாம்; மருந்தின் இடத்துக்கு வரக்கூடாது. பூண்டு மாத்திரைகூட ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு மோதலாம், தெரியுமா? குடிக்கிற கஷாயம், தின்கிற லேகியம் எதுவானாலும் நர்ஸம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!